மழையை எண்ணியவரும் மனிதரை எண்ணியவரும்

புயலை ஆராய்பவர் வேறு, புயலில் அகப்பட்ட மனிதரை ஆராய்பவர் வேறு என்பது நம் பல்கலைக்கழகங்கள் வகுத்து வைத்திருக்கும் பாகுபாடு. முன்னவருக்கு இயற்பியல் துறை. பின்னவருக்குச் சமூகவியல் துறை. இரண்டு கட்டடங்களுக்கும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் இடையிலுள்ள தேநீர்க்கடை மட்டுமே. இவ்விரண்டையும் ஒருவரே செய்யலாம், செய்யவும் வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் தனியொரு ஆய்வுப்பணியாகவே உருவெடுத்திருக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கொலராடோ மாநிலத்துப் பிக் தாம்சன் மலையிடுக்கில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஏறத்தாழ 140 பேர் மாண்டனர். புவியியல் மாணவியாக இருந்த ஈவ் கிரன்ட்ஃபெஸ்ட் அம்மையார் வெள்ளத்தின் வேகத்தை அளக்கப் போகவில்லை. வெள்ளம் வந்தபோது யார் என்ன செய்தார்கள் என்று கேட்கப் போனார். காரை விட்டிறங்கி மலைச்சரிவில் ஏறியவர்கள் பிழைத்திருந்தார்கள். காரிலேயே தப்பிவிடலாம் என்று எண்ணியவர்களுள் பலர் அந்தக் காரோடு போனார்கள். அந்த எளிய உண்மையைக் கண்டறிய மேகத்தைப் படித்தால் மட்டும் போதாது. அவரும் நண்பர்களும் 2005-இல் வானிலை ஆய்வாளரையும் சமூகவியலாரையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கியபோது, இது ஒரு புதிய துறை என்று பேசப்பட்டது.

புதிய துறைதானா என்று நமக்கு ஓர் ஐயம். பிக் தாம்சன் வெள்ளத்துக்கு நூறாண்டு முன்னர், 1876-இல், நம் திண்டுக்கல் சமவெளியின்மீது வானம் வேறு விதமாகத் தன் கொடுமையைக் காட்டியது. அங்கே மிகுந்து கொன்றது. இங்கே பொய்த்துக் கொன்றது. அதையொட்டி எழுந்த ஆராய்ச்சிகள் இரண்டு. ஒன்று வானத்தை நோக்கிற்று, மற்றொன்று மனிதரை நோக்கிற்று. முன்னதற்குத் திண்டுக்கல்லில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின்மேல் நிலையான ஒரு நிறுவனம் கிடைத்தது. பின்னதற்குச் சில அறிக்கைகளும் ஒரு சட்டத்தொகுப்பும் மட்டுமே கிடைத்தன.

தாது வருடப் பஞ்சம் என்று பேர்பெற்ற அதன் காலவரிசையை முதலில் சொல்லிவிடுவோம். தாது ஆண்டு 1876 ஏப்ரலில் பிறந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. அடுத்துப் பிறந்த ஈசுவர ஆண்டிலும் தென்மேற்குப் பருவம் உரிய நேரத்தில் வரவில்லை. 1877-இன் பிற்பகுதியில் மழை பெய்தபோது, பட்டினியால் நலிந்த உடல்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பஞ்சத்தில் மாண்டவர்களில் ஒரு பெரும்பகுதியினர் மழை வந்தபின் மாண்டவர்கள் என்பது நம் பொது நினைவில் இடம்பெறாத செய்தி.

திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு வட்டம். சிறுமலைக்கும் பழனி மலைகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம், செம்மண், சோளமும் கம்பும் சாமையும் வரகும் புகையிலையும் விளையும் புன்செய். கிணற்றில் கவலை பூட்டி இறைத்துப் பயிர்செய்யும் வழக்கம் இங்கே வலுவாக இருந்தது. கிணறு வைத்திருந்தவன் ஓராண்டு வறட்சியைத் தாங்கக்கூடும். கிணறு இல்லாதவனுக்கும் நிலமே இல்லாதவனுக்கும் அவ்வாறில்லை. ஏர் பூட்டாத ஆண்டில் முதலில் நின்றுபோவது கூலி. கூலி நின்றபின் துணி வாங்குவார் இல்லை. ஆகவே இரண்டாவதாக விழுபவன் நெசவாளி. வானம் எல்லார்க்கும் பொதுவாகத்தான் பொய்த்தது. ஆனால் பசி வரிசையில் வந்தது. இந்த வரிசையைக் காண்பதே நாம் பேசவந்த ஆய்வுப்பணியின் சாரம்.

இன்னொன்றையும் இங்கே குறிக்கவேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் இரயில் பாதை, திண்டுக்கல் வழியாக, 1875-இல் திறக்கப்பட்டது. பஞ்சத்துக்கு ஓராண்டு முன். இரயில் வந்தபின் பஞ்சம் வராது என்பது அக்கால ஆட்சியாளரின் உறுதியான நம்பிக்கை. இரயில் தானியத்தைக் கொண்டுவரும் என்பது உண்மையே. வாங்குவதற்குக் காசிருக்கும் ஊருக்குக் கொண்டுபோகவும் செய்யும். தண்டவாளத்துக்குத் தயை தாட்சண்யம் கிடையாது. அது விலையைத் தொடர்ந்து போவது.

*

வானத்தை நோக்கியவர்களின் கதை சுவையானது.

வில்லியம் வில்சன் ஹன்டர் என்ற பெயர் நம் வரலாற்று மாணவர்க்குத் தெரிந்ததுதான். இந்தியப் புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநர். இந்தியாவின் பெருங் கெசட்டியரைத் தொகுத்தவர். அவர் 1877-இல் தென்னிந்தியாவின் வறட்சி, பஞ்சச் சுழற்சி பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். சென்னையில் 1813 முதல் பதிவாகிவந்த மழைக்கணக்கை எடுத்து, அதைச் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சியோடு பொருத்திப் பார்த்தார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறைகிறது, மழை குறைந்தால் பஞ்சம் வருகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதே ஆண்டு நவம்பரில் வானியலார் நார்மன் லாக்யருடன் சேர்ந்து இதனை இலண்டன் இதழொன்றிலும் எழுதினார். பொருளியலாரான வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். சூரியப் புள்ளி இந்திய விளைச்சலைக் கெடுக்கிறது, அதனால் இந்தியர் இங்கிலாந்துத் துணியை வாங்குவது குறைகிறது, அதனால் இங்கிலாந்தில் வணிக நெருக்கடி வருகிறது என்பது அவருடைய கோட்பாட்டின் சாயல். திண்டுக்கல் குடியானவனின் வெறும் வயிறு அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அவ்வளவே.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் தமிழ் கற்றோர்க்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. வெள்ளிக்கோள் தென்திசை சாய்ந்தால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை சங்கப் பாடல்களில் பலவிடத்தும் பேசப்படுகிறது. பட்டினப்பாலையின் தொடக்கமே அதுதான். கோள் எங்கே நிற்பினும் காவிரி வற்றாது என்று சொல்வதற்காக அந்நம்பிக்கையை உருத்திரங்கண்ணனார் எடுத்தாள்கிறார். நம்மவர் வெள்ளியைப் பார்த்தார்கள். ஹன்டர் ஞாயிற்றைப் பார்த்தார். ஹன்டரிடம் அட்டவணை இருந்தது என்பது வேற்றுமை.

அந்த அட்டவணையையும் அதே ஆண்டில் ஒருவர் உடைத்துக் காட்டினார். ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி என்ற பொறியியலார் இலண்டன் ராயல் சொசைட்டியில் 1877-இல் படித்த கட்டுரையில், சென்னை மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் இருப்பதாகச் சொல்லப்படும் இயைபு கணக்கின்முன் நிற்காது என்று நிறுவ முயன்றார். இந்த ஸ்ட்ராச்சியே மறு ஆண்டு அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணை ஆணையத்தின் தலைவரானார் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் பிறகு வருவோம்.

அறிவு வாதத்தில் அடிபட்டும் சூரியக் கோட்பாடு சாகவில்லை. 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்ட், சூரியனின் வெப்பத்தை முறையாக அளந்து பதியவேண்டும் என்று 1881-இல் பரிந்துரைத்தார். சென்னை வானியலார் நார்மன் போக்சன் தென்னிந்திய மலைவாசத்தலம் ஒன்றில் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று 1882-இல் கேட்டார். 1893-இல் கெல்வின் பிரபு தலைமையில் இலண்டனில் கூடிய குழு கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. 1899 ஏப்ரல் முதல் நாள் மிக்கி ஸ்மித் பொறுப்பில் சூரிய ஆய்வுக்கூடம் அங்கே நிலைபெற்றது. 1901-இல் நோக்குப்பணி தொடங்கியது. மோட்டார்ச் சாலை வருவதற்கு முந்தைய காலம். அம்மையநாயக்கனூரில், இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்கும் நிலையத்தில், இரயிலை விட்டிறங்கி மாட்டுவண்டியில் அடிவாரம் போய், அங்கிருந்து ஏற்றப்பாதை. கண்ணாடிகளும் பித்தளைக் குழல்களும் கூலியாட்களின் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். சமவெளியில் மழை ஏன் பொய்க்கிறது என்று சூரியனைக் கேட்பதற்கான கருவிகளை, மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடக்கும் இனத்தார் சுமந்து ஏறினார்கள் என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு.

அந்த ஆய்வுக்கூடத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அங்கே ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்ட, சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஆரவாட்டில் வெளிநோக்கிப் பாயும் விளைவு அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே சேர்ந்துவந்த சூரியப் படங்கள் வானியலுக்குப் பெருஞ்செல்வம். ஆனால் எந்தக் கேள்விக்காக அது தோன்றியதோ அந்தக் கேள்விக்கு விடை அங்கிருந்து வரவில்லை. 1904-இல் வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கணித மேதை கில்பர்ட் வாக்கர் உலகெங்கிலுமுள்ள அழுத்த, மழைக் கணக்குகளை இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஒப்பிட்டு, சூரியப் புள்ளியால் பருவமழையை முன்னுரைக்க இயலாது என்ற இடத்துக்கு வந்தார். தேடியது கிடைக்காவிடினும் தேடாதது கிடைத்தது. பசிபிக் கடலுக்கும் இந்தியக் கடலுக்கும் இடையே காற்றழுத்தம் துலாக்கோல்போல் ஏறியிறங்குவதைக் கண்டு 1924-இல் அதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். 1877 கடுமையான எல் நினோ ஆண்டு என்பதை நாம் இன்று அறிவோம். தொலைவில் ஒரு காரணம் இருக்கிறது என்று ஹன்டர் நம்பியதில் பிழையில்லை. அது ஞாயிற்றில் இல்லை, கடலில் இருந்தது.

*

மனிதரை நோக்கியவரின் கதைக்கு வருவோம்.

வில்லியம் ராபர்ட் கார்னிஷ் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர், தொழிலால் மருத்துவர். தமிழ் வாசகர்களுக்கு இவரைப் பெரும்பாலும் தெரியாது; தெரிந்திருக்க வேண்டியவர். சென்னை மாகாண மக்கள் என்ன உண்கிறார்கள் என்பதைப் பற்றி 1863-இலேயே ஓர் அறிக்கை தந்தவர். எந்த மாவட்டத்தில் எந்தத் தானியம், உழைப்பாளி எவ்வளவு உண்கிறான், பருப்பும் மோரும் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குப் பாடம். பிறகு 1871-இல் நடந்த மாகாணக் குடிக்கணக்கின் அறிக்கையை எழுதியவரும் இவரே. ஆக, பஞ்சம் வந்தபோது மக்களின் உணவும் தொகையும் ஒருங்கே அறிந்த ஒருவர் பதவியில் இருந்தார். அரிதான தற்செயல்.

1877 சனவரியில் வைசிராய் லிட்டனின் பஞ்சத் தூதராகச் சென்னைக்கு வந்தார் ரிச்சர்ட் டெம்பிள். மூன்றாண்டுகளுக்கு முன் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து தாராளமாக உயிர்காத்து, அதற்காகவே வீண்செலவாளி என்று பழிகேட்ட மனிதர். அந்தப் பழியைத் துடைக்கச் சென்னை அவருக்கு வாய்த்தது. நிவாரணப் பணியில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று வரையறுத்தார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம்.

கார்னிஷ் எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 680 கிராம், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதித்தார். அவருடைய வாதத்தில் கண்ணீர் இல்லை. சிறைச்சாலை உணவுப் பட்டியல் இருந்தது, எடைக்கணக்கு இருந்தது, உழைக்கும் உடலுக்கும் சும்மா இருக்கும் உடலுக்கும் உள்ள வேற்றுமை இருந்தது. டெம்பிளின் கூலி நடைமுறையில் ஒரு சோதனையாகவே ஆகியது. சோதனைப் பொருள் சென்னை மாகாணத்துக் குடிமக்கள். அவ்வாண்டிலேயே சென்னை அரசு கார்னிஷ் கேட்ட அளவை நோக்கிப் பாதி தூரம் இறங்கிவந்து, தானியத்தைக் கூட்டிப் பருப்பையும் சேர்த்தது. அந்தப் பாதி தூரத்தில் எத்தனை உயிர் என்று கணக்கிடுவார் யார்?

கார்னிஷே முயன்றார். அக்காலத்தில் ஊரில் நேர்ந்த சாவைப் பதிவது கிராம அலுவலரின் வேலை. அமைதியான ஆண்டிலேயே அந்தப் பதிவு அரைகுறை. பஞ்ச ஆண்டில் மக்கள் வீட்டில் சாகவில்லை; சாலையில், சத்திரத்துத் திண்ணையில், முகாம் வாசலில், அடுத்த மாவட்டத்து எல்லையில் செத்தார்கள். தன் ஊரான் அல்லாதவனின் சாவைத் தன் ஏட்டில் எழுத எந்தக் கர்ணத்துக்கும் கடமையில்லை. ஏட்டை நம்பிப் பயனில்லை என்று உணர்ந்த கார்னிஷ், 1878 மார்ச்சில் பஞ்சம் தாக்கிய மாவட்டங்களில் தெரிந்தெடுத்த பகுதிகளில் ஒரு சோதனைக் குடிக்கணக்கு எடுத்தார். 1871-இல் இங்கே இத்தனைபேர் இருந்தார்கள், இப்போது இத்தனைபேர், மிச்சம் எங்கே என்பது அவர் முறை. இறந்தவரை எண்ண முடியாதபோது இருப்பவரை எண்ணினார்.

மதுரை மாவட்டக் கணக்கை எடுத்துப் பார்த்தால் இந்த முறையின் வலிமையும் இடறலும் ஒருங்கே விளங்கும். 1871-இல் மாவட்ட மக்கள்தொகை 22,66,615. பத்தாண்டு கழித்து 1881-இல் 21,68,680. குறைந்தவர்கள் 97,935 பேர். வழக்கமாகப் பத்தாண்டில் கூடியிருக்கவேண்டிய தொகையையும் சேர்த்தால் இழப்பு இதனினும் பன்மடங்கு. ஆனால் காணாமற்போனவர் எல்லாரும் மாண்டவர் அல்லர். மதுரைச் சீமையிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள்போவது முன்பே உண்டு. பஞ்ச ஆண்டுகளில் அது பெருக்கெடுத்தது. தட்டப்பாறையையும் மண்டபத்தையும் பற்றிய பிற்காலப் பாட்டுகள் நமக்குத் தெரியும். ஆனால் 1877-இல் பாதை ஏறியவன் பாட்டெழுதும் நிலையில் இல்லை. 1891-இல் தொகை 26,08,404 ஆக உயர்கிறது. பத்தாண்டில் 4,39,724 பேர், நூற்றுக்கு இருபது. பிள்ளைப்பேறு மட்டும் இதை விளக்காது. போனவர்களில் ஒரு பகுதி திரும்பியிருக்க வேண்டும். 1881-இல் எண்ணத் தவறியவர்களும் இருக்கவேண்டும். செத்தவன், போனவன், எண்ணப்படாதவன் மூவரும் அந்த 97,935 என்ற ஒரே எண்ணுக்குள் கிடக்கிறார்கள். அவர்களைப் பிரித்தெடுப்பதற்கு மழைமானி உதவாது. உறவுமுறை, கடன், சாதி, கங்காணி, நடந்துபோன பாதை இவற்றை அறிந்த ஒருவர் வேண்டும்.

இந்த இடத்தில் இலக்கியம் துணைக்கு வருகிறது. சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை பாடி 1899-இல் அச்சேறிய ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ தாது வருடப் பஞ்சத்தை நகைச்சுவையாக விரித்த நெடும்பாட்டு. பசித்து வந்த குடிகளுக்குச் சோறு போட வழியில்லாத மதுரைச் சொக்கநாதர், இவர்களைக் காப்பாற்றும் என்று சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதி அனுப்புகிறார். தெய்வமே கடிதம் எழுதிக் கைவிரிக்கும் அந்தக் கற்பனையைவிடப் பஞ்சத்தின் ஆழத்தைச் சொல்லும் புள்ளிவிவரம் ஒன்று உண்டா என்று தெரியவில்லை. வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்டு 1984-இல் இதே பஞ்சத்தைப்பற்றி எழுதிய ஆய்வில், குடியானவர்கள் பஞ்சத்தை எவ்வாறு உணர்ந்தார்கள், மழைவேண்டிச் சடங்கு செய்தது எப்போது, தானியக் கடையை உடைத்தது எப்போது என்பதை ஆராய்ந்தார். சடங்குக்கும் கொள்ளைக்கும் நடுவே ஒரு காலக்கணக்கு இருக்கிறது. நம் பழம்பாட்டுகளை அந்தக் கணக்கோடு வைத்துப் படிக்கும் வேலை தமிழ்த் துறைகளில் இன்னும் போதுமான அளவு நடக்கவில்லை என்பது நம் குறை.

*

ஸ்ட்ராச்சியிடம் வருவதாகச் சொன்னோம். அவர் தலைமையிலான ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. பஞ்சமென்பது தானியம் இல்லாமை என்பதைவிட, வேலை போனதால் தானியம் வாங்க இயலாமை என்பதை அந்த அறிக்கை தெளிவாகவே கண்டுகொண்டது. அமர்த்தியா சென் 1981-இல் ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற நூலில் கோட்பாடாக நிறுவியதன் முளையை அங்கே காணலாம். ஆணையத்தின் பரிந்துரையிலிருந்து பஞ்சச் சட்டத்தொகுப்புகள் பிறந்தன. சென்னைக்கானது 1883-இல் வந்தது.

அந்தத் தொகுப்புகளில் நம்மைக் கவர்வது ஒன்றே. பஞ்சம் வருமுன் உள்ளூர் அலுவலர் எவற்றைக் கவனிக்கவேண்டும் என்று அவை சொல்கின்றன. மழையளவு, பயிர்நிலை மட்டுமல்ல. தானிய விலை ஏறுகிறதா, வணிகன் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டானா, மக்கள் வழக்கத்துக்கு மாறாக இடம்பெயர்ந்து அலைகிறார்களா, திருட்டு பெருகுகிறதா என்பவையும் அறிகுறிகள். கடையில் கடன் நின்றுபோவதை வானிலை அறிகுறியாகக் கொண்ட அந்த நுட்பத்தை நாம் மெச்சவே வேண்டும். தாலுகாக் கச்சேரி முற்றத்தில் மழைமானியைப் பார்த்து எழுதியவரும், சந்தையில் கம்பு விலை கேட்டு எழுதியவரும் ஒரே அலுவலக வரிசையில் இருந்தார்கள். இன்று ஈராண்டுப் பட்டயம் தந்து பயிற்றக்கூடிய பணியை அன்று ஒரு கர்ணமும் ஒரு தாசில்தாரும் பெயரில்லாமல் செய்தார்கள். அதன் நோக்கம் முழுக்கக் கருணையன்று. செலவைக் குறைப்பதும் நோக்கந்தான். உதவி வேண்டுவோன் உண்மையிலேயே பசித்தவனா என்று கல்லுடைக்கவிட்டுச் சோதிக்கும் முறையையும் அதே தொகுப்புகள் வைத்துக்கொண்டன. 1943-இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, தொகுப்பு இருந்தும், அதன்படி பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு மறுத்தது. அறிகுறிகளைக் கவனிப்பவன் எழுதினால் போதாது, படிப்பவனும் வேண்டும்.

இந்த இடத்தில் புறநானூற்று வெள்ளைக்குடி நாகனார் நம் நினைவுக்கு வருகிறார். சோழன் கிள்ளிவளவன்முன் நின்று அவர் பாடிய பாட்டின் கருத்து, மழை பொய்த்தாலும் விளைவு குன்றினாலும் உலகம் பழிப்பது ஆள்பவனையே என்பது. அப்படிச் சொல்லி, செலுத்தாது நின்ற பழைய நிலவரியை நீக்கிக்கொண்டு திரும்பினார் என்கிறது பாட்டின் பின்குறிப்பு. வகுப்பில் இதை அரசியல் அறம் என்று சொல்லி நடத்திவிட்டுப் போய்விடுகிறோம். வறட்சி ஆண்டில் வரிப்பாக்கி பற்றி நேரில் பேசி முடித்த ஒரு மனிதரின் அலுவல் ஆவணமாகவும் அதைப் படிக்கலாம்.

*

கார்னிஷின் கேள்வி திண்டுக்கல் மண்ணில் மீண்டும் எழுந்தது நூறாண்டு கழித்து, இம்முறை வெள்ளத்தில்.

1977 நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு கடும்புயல் கரைகடந்தது. கரையோடு நில்லாமல் உள்நாட்டின் ஊடே மேற்கே நகர்ந்து அரபிக்கடல் பக்கம் போயிற்று. 2018 நவம்பரில் வந்த கஜா புயலும் வேதாரண்யத்தருகே ஏறித் திண்டுக்கல் வழியாகத்தான் மேற்கே சென்றது. கடலைப் பார்த்திராத நம் ஊர்க்காரர்கள் புயலின் கையைப் பார்த்தது அப்படித்தான். 1977-இல் மலைகளில் கொட்டிய மழை குடகனாற்றில் இறங்கியது. ஆத்தூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் தொடங்கி வேடசந்தூர் வழியாக வடக்கே போய் அமராவதியில் கலக்கும் இந்த ஆற்றை, ஆண்டின் பெரும்பகுதியில் மணல்பாதையாகவே நாம் காண்கிறோம். வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அதன் குறுக்கே புதிதாகக் கட்டிய மண் அணை இருந்தது. கொள்ளளவு ஒரு கோடியே 23 இலட்சம் கன மீட்டர்.

அணைப்பொறியியல் நூல்கள் அடுத்து நடந்ததை விரிவாகவே சொல்கின்றன. மதகுக் கதவுகளைத் தூக்கத் தொடங்கினார்கள், மின்சாரம் நின்றது. மாற்று மின்னாக்கியை இயக்கினார்கள்; போதவில்லை. கையால் சுற்றிப் பார்த்தார்கள். கதவுகள் பாதிவரை எழுந்த நிலையில் தண்ணீர் கரையின் தலைமேல் ஏறி மறுபுறச் சரிவில் அருவியாக விழுந்து மண்ணை அரித்தது. இருபது மீட்டர் முதல் இருநூறு மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள். இந்தியாவில் உடைந்த அணைகளைப் பட்டியலிடும் பாடநூல்களில் ‘கொடகனார்’ என்ற பெயரில் நம் ஆறு இடம்பெற்றிருக்கிறது. அந்தப் பாடத்தில் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்ற எண் உண்டு. அன்று கீழ்க்கரையில் இருந்தவர்கள் அந்தப் பாடத்தின் பொருளல்லர்.

அந்த நவம்பர் மறக்கப்பட்டதற்கு ஒரு காரணமும் உண்டு. ஏழே நாளில், 19-ஆம் தேதி, ஆந்திரக் கரையில் திவிசீமையைத் தாக்கிய புயலில் பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். நாட்டின் கண் அங்கே திரும்பியது, திரும்பவேண்டியதுதான். ஆய்வும் அங்கேதான் போயிற்று. பீட்டர் வின்செஸ்டர் என்ற ஆய்வாளர் கிருஷ்ணா கழிமுகத்துக் குடும்பங்களைப் புயலுக்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, 1992-இல் நூலாக வெளியிட்டார். கடலோரத்தில் வாழ்வது ஓர் இடர்தான்; ஆனால் அடுத்த புயலை ஒருவன் எந்நிலையில் எதிர்கொள்வான் என்பதை நிலம், கடன், கூலி, செல்வாக்கு ஆகியவை தீர்மானிக்கின்றன என்பது அவர் நின்று கவனித்துக் கண்டது. ஒரு நாள் புயலைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டு தேவைப்பட்டிருக்கிறது. நம்மூர் ஆய்வேடுகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் காலத்தை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

கிராம அலுவலர் பரம்பரைப் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. அது நல்லதே. ஆயினும், இந்த ஓடையில் எந்த ஆண்டு தண்ணீர் எதுவரை ஏறியது, யார் வீடு போயிற்று என்று வாய்ப்பாடாகச் சொல்லக்கூடிய ஒருவரை ஊர் அத்துடன் இழந்தது. 1977-இல் இருபது வயதாயிருந்தவருக்கு இன்று எழுபதை நெருங்குகிறது.

ஆகவே இவ்வாண்டு எமது இரண்டாமாண்டு மாணவர்களுக்கு, நாட்டுப்புறவியல் தாளின் களப்பணியாக, குடகனாற்றுக் கரையூர்களை ஒதுக்கியிருக்கிறோம். கதை, பழமொழி, விடுகதை சேகரிப்பது வழக்கம்போல் உண்டு. அதனுடன் கேட்டுவர ஐந்தாறு கேள்விகளும் எழுதிக் கொடுத்தோம். அணை உடைந்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? யார் வந்து சொன்னார்? சொன்னதை உடனே நம்பினீர்களா? எந்த மேட்டில் ஏறினீர்கள். அந்த மேடு யாருடையது, எல்லாரையும் ஏறவிட்டார்களா? மாடுகளை யார் அவிழ்த்துவிட்டது? திரும்பி வந்தபின் முதல் கடனை யாரிடம் வாங்கினீர்கள்? மாணவி ஒருத்தி, ஐயா, இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். போய்க் கேட்டுவிட்டு வா, பிறகு பேசலாம் என்று அனுப்பியிருக்கிறோம்.